மாதாமாதம் வரும் வயிற்று வலி 'உடல் சூடு' அல்ல

பினாங்கில் நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 'பூப்பெய்தாத பெண்ணுக்கு மாதாமாதம் வயிறு வலித்தால் அது உடல் சூடு, கஷாயம் போதும். அறுவை சிகிச்சை செய்தால் கன்னித்தன்மை போய்விடும், குழந்தை பிறக்காது' என்கிறது. இது தவறு.

மார்பு வளர்ச்சி சரியாக இருந்தும் மாதவிடாய் தொடங்காமல், மாதந்தோறும் அடிவயிறு வலித்தால், பிறவியிலேயே யோனிப் பாதை அடைபட்டிருக்கலாம். இரத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். சிலருக்குச் சிறுநீரும் அடைத்துக்கொள்ளும். எந்தக் கஷாயமும் அந்த வழியைத் திறக்காது. நாள்தான் கடக்கும், வலியைச் சுமப்பவள் நம் பிள்ளை.

பெரும்பாலும் வெளிப்புறப் பரிசோதனையும் வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேனும் போதும். யோனி வாயிலில் இருக்கும் மெல்லிய கன்னிச்சவ்வு மட்டும் மூடியிருந்தால் சிறிய அறுவை சிகிச்சையே தீர்வு. கருப்பைக்கு அதில் பாதிப்பில்லை. யோனிப் பாதையின் உள்ளே தடித்த குறுக்குத் தடுப்பு இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, அனுபவமுள்ள மருத்துவர் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஊசியால் இரத்தத்தை மட்டும் உறிஞ்சி எடுப்பது கிருமித் தொற்றில் முடியலாம். கன்னித்தன்மை பற்றிய பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. உண்மையில், கவனிக்காமல் விட்டால்தான் இரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து, பிற்காலத்தில் கருத்தரிப்பதில் சிக்கல் வரலாம்.

15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதனை தேவை. வலி இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலோ பினாங்கு பொது மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவிலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.