மாப்பிள்ளை கொண்டுவந்த அமரோனே

(இத்தாலியில் சியெனா பக்கம் ஒரு கிராமம். ஞாயிறு மதியச் சாப்பாடு. மாமனார் உள்ளூர், மாப்பிள்ளை வெரோனாக்காரர். மாமனாரைப் பொறுத்தவரை அதுவே பெரிய குறை.)

மாமனார்: வாருங்கள் மாப்பிள்ளை, கையில் என்ன, இருமல் மருந்தா?

மாப்பிள்ளை: அமரோனே மாமா, எங்கள் ஊர் சிவப்பு வைன். கொர்வினா, கொர்வினோனே, ரொண்டினெல்லா என்று எல்லாத் திராட்சையையும் பறித்து மூன்று நான்கு மாதம் உலர வைத்து அப்புறம்தான் பிழிவார்கள்.

மாமனார்: எடையில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்குமே, அதற்கும் சேர்த்துத்தானே விலை போடுகிறான்? மிஞ்சிய சக்கையையும் விடாமல் அதில் சாதாரண வைனை ஊற்றி ஊறவைத்து, ரிபாஸ்ஸோ என்று இன்னொரு பாட்டில் வேறு! எங்கள் கியாந்தி வைனைப் பாருங்கள். சாஞ்சியோவேசே திராட்சை. நல்ல புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, மாட்டுக்கறியோடு ஒரு மடக்கு குடித்தால் அடுத்த துண்டுக்கு நாக்கு தானாகத் தயாராகிவிடும். முரட்டுத்தனம் குறையக் கொஞ்சம் கனயோலோ திராட்சை. 1872இல் ரிக்காசோலி பிரபு எழுதிவைத்த கலவைக் கணக்கு, இத்தாலிக்கே பிரதமராக இருந்த மனிதர்!

மாப்பிள்ளை: மல்வாசியா என்று ஒரு வெள்ளைத் திராட்சையும் அவர் கணக்கில் உண்டே.

மாமனார்: அது சீக்கிரம் குடித்துத் தீர்க்கிற வைனுக்கு.

மாப்பிள்ளை: 1967இல் விதியே போட்டார்களே, குறைந்தது 10 சதவீதம் வெள்ளை இருந்தால்தான் கியாந்தி என்று. வெறும் தண்ணீர் என்று நீங்களே புலம்புவீர்களாம், அத்தை சொன்னார்கள்.

மாமனார்: அவளுக்கு வேறு வேலை இல்லை. பழைய கியாந்திப் பகுதியின் வைனான கியாந்தி கிளாசிக்கோவில் 2006 முதல் வெள்ளையே கிடையாது. பாட்டில் கழுத்தில் அதன் முத்திரை, கறுப்புச் சேவல் தெரிகிறதா?

மாப்பிள்ளை: அது ஃபுளோரன்ஸ்காரர்கள் பட்டினி போட்டு விடியும் முன்பே கூவ வைத்த சேவல் மாமா. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் குதிரைவீரர்கள் கிளம்பி, சந்திக்கிற இடம்தான் எல்லை என்று பேச்சு. உங்கள் சியெனா சேவல் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கியதால்தானே கியாந்தியில் பெரும்பகுதி அவர்கள் பக்கம் போனதாகக் கதை?

மாமனார்: இந்த வீட்டில் சேவல் பேச்சு வேண்டாம். எப்படியானாலும் நாங்கள் பழத்தைக் காயப்போடுகிறவர்கள் இல்லை.

மாப்பிள்ளை: அப்படியானால் கொவேர்னோ? உலர்ந்த திராட்சையைக் கொட்டி, நொதித்து அடங்கப் போகிற வைனை மறுபடி நொதிக்க விடுவது இந்த ஊர் வழக்கம்தானே? தாத்தா காலத்தில் இந்த வீட்டுப் பரண் முழுக்கத் திராட்சை காய்ந்ததாம்.

மாமனார்: அதையும் அவள்தான் சொன்னாளா? (பாட்டிலை எட்டி வாங்கித் திருப்பிப் பார்க்கிறார்.) ஆல்கஹால் எவ்வளவு போட்டிருக்கிறது, கண்ணாடி இல்லை.

மாப்பிள்ளை: 16 சதவீதம்.

மாமனார்: அடேயப்பா! சாயங்காலம் என் பேத்தியை வைத்துக்கொண்டு வெரோனா வரை வண்டி ஓட்டப் போகிறவர் நீங்கள். உங்களுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறேன், திறப்பானை மட்டும் இப்படிக் கொடுங்கள்.