அது அழுக்கால் வரும் நோய் இல்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அது ஒரு சுற்று வந்துவிட்டது. மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "சுத்தமா வெச்சுக்காத பொம்பளைங்களுக்குத்தான் கர்ப்பப்பை வாயில புத்து வரும்" என்று அந்த அம்மா சொன்னதும், சொன்ன கையோடு உள்ளே கழுவ என்று தான் விற்கிற, வெற்றிலையும் மாசிக்காயும் கலந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டியதும், முன்வரிசையில் இருந்த அக்காமார் தலையைக் குனிந்துகொண்டதும் எல்லாம் தெரிகிறது. அந்தத் தலைகுனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது அழுக்கால் வரும் நோய் இல்லை. கருப்பை வாய்ப் புற்று எச்பிவி என்ற வைரஸால் வருவது. அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளே பத்தில் ஏழு பேரின் நோய்க்குக் காரணம். இந்த உண்மையைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹாவ்சன் என்ற ஜெர்மானியருக்கு 2008இல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. வைரஸ் ஒட்டிய பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கருப்பை வாயின் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். அந்த மாற்றம் முற்றிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது வருடம் பிடிக்கும்.

யாருக்கு அடங்குகிறது, யாருக்குத் தங்குகிறது என்பதில்தான் அந்த பாட்டில் விஷயம் வருகிறது. பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிஎச் என்ற அமில அளவை 4.5க்குக் கீழே, அதாவது புளிப்பாக, வைத்துக்கொண்டு, கெட்டதை அண்டவிடாமல் பார்ப்பது அதன் வேலை. அதிலும் கிறிஸ்பாட்டஸ் என்ற இனம் நிறைந்திருக்கும் பெண்களிடம் எச்பிவி தங்குவது குறைவாகத் தெரிகிறது. அவை குறைந்து கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகிய பெண்களிடம் வைரஸ் தங்குவதும், செல் மாற்றங்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எது முந்தி எது பிந்தி என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துச் சொல்லவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே பீய்ச்சிக் கழுவுவது இந்த நல்ல பாக்டீரியாவின் சமநிலையைக் கெடுக்கிறது என்பது மருத்துவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருவது. ரப்பர் கன்றுக்கு அடியில் களை ஏறாமல் இருக்க மூடுகொடி போடுவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை மருந்தடித்துக் கொன்றால் அந்த இடத்தில் லாலாங் என்ற களைப்புல்தான் ஏறும். உள்ளே கழுவுவதும் அப்படித்தான்.

என் அண்ணியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பரிசோதனை முடிவு சரியில்லை என்று கிளினிக்கிலிருந்து மலாயில் வந்த கடிதத்தை மடித்து, சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. "நான் அவ்வளவு அசிங்கமாவா இருந்தேன்?" என்பதுதான் பின்னாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தினமும் இரண்டு வேளை, தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவியிருக்கிறார். குளியலறைக் கதவைத் திறந்தால் அந்த வாடை மூக்கில் ஏறும். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. செம்பனைக் குலை சுமந்த கை அது, எளிதில் உரிகிற கை இல்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது புற்றுக்கு முந்தைய, இரண்டாம் நிலை செல் மாற்றம். மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். புற்று இல்லை. இன்று நன்றாக இருக்கிறார். அந்தக் கடிதம் தட்டுக்கு அடியிலேயே கிடந்திருந்தால்?

"நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. மைக்கில் பேசியவரும் இல்லை, அவரை யாரும் கேட்கவில்லை.

"பாட்டி காலத்து வெற்றிலைத் தண்ணியைக் குறை சொல்றீங்களா?" வெளியே வெறும் தண்ணீரில் கழுவுங்கள், யாரும் தடுக்கவில்லை. உள்ளே எதையும் விடாதீர்கள். அப்படியானால் தயிர் தடவலாமா என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். வேண்டாம். தயிரில் இருப்பது வேறு இனம்.

"ஒரு தமிழ்ப் பெண் பிழைப்புக்காக விற்கிறார், அவர் வயிற்றில் அடிக்கலாமா?" இது எனக்கும் உறுத்துகிறது. அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான், கஷ்டப்பட்டு வந்தவர்தான். சோப்பு விற்கட்டும், தைலம் விற்கட்டும், நானே வாங்குகிறேன். பயத்தையும் கூச்சத்தையும் விற்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு பேச்சு. வீடியோவுக்குக் கீழே ஓர் ஐயா எழுதியிருக்கிறார்: "ஒழுக்கமா இருந்தா ஏன் வருது?" ஐயா, உடலுறவு கொண்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் வந்துபோகிறது. ஆண்களுக்கும்தான். கட்டிய ஒருவனோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை? ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த யாராவது தலையைக் குனிந்தார்களா? விடியற்காலையில் எழுந்து ரப்பர் பால் வெட்டி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, தனக்கு வெள்ளைப்பட்டால் வாய்திறக்காத பெண்களைப் பார்த்தா நீங்கள் சுத்தம், ஒழுக்கம் என்று பேசுகிறீர்கள்? என் அம்மாவும் அப்படி வாய்திறக்காத பெண்தான். எழுதும்போதே கை நடுங்குகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியில் தடுப்பூசி இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். படிவம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்பே பள்ளியை முடித்த நமக்கு இருப்பது பரிசோதனை. 30 முதல் 65 வயதுவரை உள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் எச்பிவி டெஸ்ட் கேளுங்கள். இப்போது நாமே மாதிரி எடுக்கிற முறையும் உண்டு. நீளமான பஞ்சுக் குச்சி ஒன்று கொடுப்பார்கள், திரைக்குப் பின்னால் போய் நாமே எடுத்துக் குழாயில் போட்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் கொடுத்துவிடலாம். யார் முன்னும் படுக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணியை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். காரில் இடம் இருக்கிறது. வருகிறவர்கள் உள்பெட்டியில் பெயர் மட்டும் போடுங்கள், வீட்டு வாசலுக்கே வருகிறேன். வீட்டில் கேட்டால் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.