அமெரிக்க வரியும் 78 நாள் கணக்கும்

தொலைக்காட்சி விவாதங்களில் டிரம்ப் போட்ட வரிக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இன்னொரு நாள். முதல் நாளில் பேச்சு ரஷ்ய எண்ணெய், வெளியுறவுக் கொள்கை, தேசத்தின் மானம் என்று போகும். மறுநாள் ஜிஎஸ்டியைக் குறைத்தது யார் என்ற சண்டை. திருப்பூரில் சில சிறிய பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி, மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சந்தாவைக் கட்டிக் கொடுப்பது என் வேலை. எனக்கு இந்த இரண்டு பிரச்சினையும் ஒரே இடத்தில்தான் தெரிகிறது. வருகைப் பதிவேட்டில்.

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 ஏற்றினார்கள். மொத்தம் 50. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். ஒரு டி-ஷர்ட்டில் சில்லறைக் காசுக்குப் பேரம் பேசும் தொழிலில் 30 சதவீத வித்தியாசத்தை யாரால் தாங்க முடியும்? மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை நீக்கியது. அது கொஞ்சம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் ஆர்டரே வராதபோது பஞ்சு என்ன விலைக்குக் கிடைத்தால் என்ன?

வெளியூர்க்காரர்கள் "எத்தனை பேருக்கு வேலை போச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலும் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை, நாளைக் குறைக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்டுக்கு வரும். ஆறு நாள் ஓடியது நான்காகும், அப்புறம் மூன்றாகும். ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண்கள், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் என எல்லோர் பெயரும் பதிவேட்டில் அப்படியே இருக்கும். பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் மட்டும் காலியாகிக்கொண்டே போகும். அதனால் எந்த வேலையின்மைக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை.

இங்கேதான் இஎஸ்ஐ வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கான திட்டம் இது. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சந்தாக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு அரையாண்டுகள். முதல் அரையாண்டில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். இரண்டாவதில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உடம்புக்கு முடியாமல் டாக்டர் சான்றோடு வீட்டில் இருந்தால் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு அந்தச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளாவது கூலி பெற்றிருக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். அரையாண்டுக்கு 26 வாரம். வாரம் மூன்று நாள் வேலை என்றால் சரியாக 78. தீபாவளியும் பொங்கலும் அக்டோபர்–மார்ச் என்ற ஒரே அரையாண்டில்தான் வருகின்றன. இரண்டுக்கும் சேர்த்து சம்பளமில்லாமல் கம்பெனி மூடிக்கிடக்கும் நாட்களைக் கழித்தால் 78 எட்டாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு டெய்லர் அக்கா நான்கு நாள் வராமல் இருந்தாலும் அவ்வளவுதான்.

இதில் கொடுமை, அடி உடனே தெரியாது. மார்ச்சில் முடியும் அரையாண்டில் நாள் குறைந்தவருக்கு ஜூலையில்தான் விஷயம் தெரியும். முதுகு வலிக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ ஆகஸ்டில் படுத்தவர், "போன அக்டோபரில் இருந்து உனக்கு நாள் சேரவில்லை" என்ற பதிலோடு வீடு திரும்புவார். பெயரையே பதிவேட்டில் இருந்து எடுத்துவிட்டால் விடுப்புக் கூலியோடு குடும்பத்தின் மருத்துவமும் போய்விடும். அதற்குள் டெல்லியும் வாஷிங்டனும் கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்து முடித்திருக்கலாம், வரியும் குறைந்திருக்கலாம். ஆனால் அந்த 78 திரும்பி வராது.

வேலை இழந்தவருக்கு இஎஸ்ஐயிலேயே ஒரு திட்டம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பாதிக் கூலி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை. நல்ல திட்டம்தான். ஆனால் வேலை முழுதாகப் போயிருந்தால்தான் அது. வாரம் மூன்று நாள் வருகிறவர் அதன்படி வேலையில் இருப்பவர்.

இஎஸ்ஐ இல்லாவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அதை நான் மதிக்கிறேன். எத்தனையோ குடும்பங்களைக் கடனில் இருந்து காப்பாற்றிய திட்டம். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. கணவனும் மனைவியும் ஆளுக்கு அரை மாதம் வேலை பார்த்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறார்கள். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து இங்கே தைக்கிறவர்களுக்கு அந்த வருமானச் சான்றைக்கூட நம் கிராம நிர்வாக அலுவலகத்தில் எளிதாக வாங்க முடியாது.

மிச்சம் தனியார் பாலிசி. இங்கேதான் நம் அரசியல் சண்டை முழுதும் நடக்கிறது. பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் எதிர்க்கட்சி எம்பிக்கள் நாடாளுமன்ற வாசலில் போராடினார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்து, 22ஆம் தேதி முதல் தனிநபர் பாலிசிகளுக்கு வரி பூஜ்யம் ஆனது. கவுன்சிலில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மதிப்பு உண்டு. அதனால் ஓராண்டுக்கு மேல் தாமதமானதற்கும், கடைசியில் நடந்ததற்கும் எல்லாக் கட்சிக்கும் பங்கு இருக்கிறது.

30,000 ரூபாய் பிரீமியம் கட்டுபவருக்கு 5,400 மிச்சம். சந்தோஷம். ஆனால் கம்பெனி தன் ஆட்களுக்காக எடுக்கும் குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. அதைவிட முக்கியம், அடிப்படைப் பிரீமியம் ஏறுவதை யார் தடுப்பது? 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே தன்னைக் கலந்து பேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் சொன்னது. 45 வயதுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் காப்பீட்டுத் துறையில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தாயிற்று. போட்டி கூடும், விலை இறங்கும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லுக்குக் கடிவாளம் இல்லாமல் கம்பெனிகளின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் பிரீமியம் இறங்கும் என்று நான் நம்பவில்லை.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதி ஊக்குவிப்புக்கு 25,060 கோடி ரூபாயும், ஏற்றுமதியாளர் கடன்களுக்கு 20,000 கோடி வரை உத்தரவாதமும் அறிவித்தது. ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் கொடுத்தது. முதலாளிகளுக்கு இது தேவைதான். நான் கணக்கெழுதும் கம்பெனிகளின் வங்கிக் கடன் நிலவரம் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய அறிவிப்பில் மெஷினில் உட்காருகிறவரின் இஎஸ்ஐ நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த நாட்களை அரசே ஈடுகட்டினால் எவ்வளவு செலவாகிவிடும்? 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இரு தரப்புச் சந்தாவும் சேர்த்து மாதம் 600 ரூபாய். வரியால் ஆர்டர் குறைந்த ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் அவற்றின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் வேலையில்லாமல் போன நாட்களைச் சந்தா நாட்களாகவே கணக்கில் எடுங்கள், அந்தப் பணத்தை அரசு கட்டட்டும். இது தானம் இல்லை. ரஷ்ய எண்ணெய் வாங்குவது நாட்டின் முடிவு, அதை நானும் ஆதரிக்கிறேன். அந்த முடிவின் விலையை திருப்பூர் அனுப்பர்பாளையத்துத் தையல்காரர் மட்டும் தன் உடம்பால் கட்ட வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

"இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மருந்தே இல்லை, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. வரிசையும் காத்திருப்பும் எனக்கும் தெரியும். அதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்போம். அதோடு, 2017இல் இருந்து நகராமல் நிற்கும் 21,000 வரம்பையும் ஏற்றச் சொல்வோம்.   ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த 78 பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

கம்பெனி நடத்தும் நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. அரையாண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். இருக்கிற வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது யாருக்கு எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று பதிவேட்டை ஒரு முறை பாருங்கள். 70இல் நிற்பவரை முதலில் கூப்பிடுங்கள். உங்கள் கணக்கரிடம் கேட்டால் பட்டியல் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.