உலக அரசியல் கூட்டமும் ஒரு தாள் ஜெராக்ஸும்

அழைப்பிதழில் மாலை 5.30 என்றிருக்கும். ஆள் சேர 6 ஆகும். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச வந்தவர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 7. கேள்விக்கு மிஞ்சுவது பத்து நிமிஷம். அதிலும் முதலில் எழுகிறவர் கேள்வி கேட்கமாட்டார், தனியாக ஓர் உரை ஆற்றுவார். புதுச்சேரியில் சர்வதேச அரசியல், பாதுகாப்பு பற்றி நடக்கும் பல கூட்டங்களின் நிலவரம் இதுதான்.

தலைப்பிலேயே பாதிக் கோளாறு. 'வல்லரசுகளின் சதுரங்கம்' என்று வைத்தால் பேச்சு உலகமெல்லாம் சுற்றி ஓர் ஊரிலும் நிற்காது. '1783 ஜூன், கடலூர்' என்று வைத்துப் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததன் எதிரொலி இங்கே கேட்டது: கடலூரில் இருந்த பிரெஞ்சுத் தளபதி பஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். பிரான்ஸின் வெர்சாயில் இரு நாடுகளுக்கும் சமாதான முன்னொப்பந்தம் ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகிவிட்டது! சேதி கப்பலேறி இங்கே வர ஜூன் கடைசி ஆனது. சேதி தாமதமானால் என்ன ஆகும் என்ற இந்த இடத்திலிருந்து, கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போரின் விளிம்புக்குப் போன 1962 கியூபா நெருக்கடிக்குப் போவது சுலபம். அதற்குப் பிறகுதான் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைக்க உடன்பாடு ஆனது, 1963-இல். தேதி அதே ஜூன் 20. (மேடையில் அதைச் 'சிவப்பு டெலிபோன்' என்பார்கள். அது டெலிபிரிண்டர், பேசுவதற்கல்ல, எழுத்தாகச் சேதி அனுப்பும் கருவி.)

கச்சத்தீவு என்றால் ஒரு தாள் ஜெராக்ஸ் கட்டாயம். ஒரு பக்கம் வரைபடம். மறுபக்கம் 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் 5, 6-ஆவது ஷரத்துகள் தமிழில், பின்வரிசைப் பெரியவரும் கண்ணாடியைத் தேடாமல் படிக்கும் அளவு எழுத்தில். இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது 5-ஆவது. மீன்பிடிப்பு பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்பது 6-ஆவது. 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களோ, அனுமதியில்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றன. சண்டையின் முடிச்சு இந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டு நிமிஷம் வாசிக்க விட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கினால், கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினத்திலிருந்து வந்தவர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். கூடவே ஒரு வரி: நாட்டின் ஆட்சிக்கடலான 12 கடல் மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர், மீன்வளம் போன்றவற்றுக்கு மட்டும் உரிமை உள்ள பொருளாதார மண்டலத்தின் 200 என்பது 370. இரண்டையுமே 'கடல் எல்லை' என்று சொல்லும் பேச்சாளரை அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

பேச்சு 45 நிமிஷம், கேள்வி 45. துண்டுச்சீட்டும் பென்சிலும் முதலிலேயே நாற்காலியில் இருக்கட்டும். முப்பதாவது நிமிஷத்தில் ஒருவர் சீட்டுகளை வாங்கி, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து அடுக்கட்டும். எழுந்து கேட்கக் கூச்சப்படும் கல்லூரிப் பிள்ளைகள் சீட்டில் எழுதுவார்கள், பல நேரம் அதுதான் அன்றைக்கு நல்ல கேள்வி. கேட்பவர் கையில் மைக்கைக் கொடுக்காதீர்கள், தன்னார்வலர் பிடித்துக்கொள்ளட்டும்.

பொன்னாடையா? எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.