நம்பிக்கை இல்லையா மேடம்?

இல்லை. சத்தியமாக இல்லை. எங்கள் பாத்ரூமைப் புதுப்பித்துவிட்டு இப்படிக் கேட்ட அந்த காண்ட்ராக்டரின் முகத்துக்கு நேராக இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், இன்றைக்கு இந்த வயிற்றெரிச்சல் பாதியாவது குறைந்திருக்கும்.

கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டி, விரலால் சுண்டிப் பார்த்து வாங்குகிறேன். கடைக்காரர் மிஞ்சிப்போனால் “ஒடிக்காதீங்கம்மா” என்று முனகுவார். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருநாளும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டதில்லை. ஆனால் 2,80,000 ரூபாய்க்குச் செய்த வேலையைக் குனிந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டால் போதும், மனிதருக்கு மானம் போய்விடுகிறது!

எங்களுடையது ஆதம்பாக்கத்தில் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி. எங்கள் பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டு அக்காவின் பாத்ரூம் சீலிங்கில் சொட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆயிற்று. அவர்கள் நல்லவர்கள், சண்டைக்கு வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு இரண்டு பாத்ரூமையும் அடிவரை கொத்தி எடுத்து, பைப் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, புது டைல்ஸ் ஒட்டுவது என்று முடிவானது. ஆபீஸில் ஒருவர் சொல்லி இந்த காண்ட்ராக்டர் வந்தார். 20 நாள் என்றார். 11 வாரம் ஆனது. அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன்.

வேலை முடிந்தது என்று அவர் வந்த நாள் சனிக்கிழமை, நேரம் சாயங்காலம் ஆறரை. இந்த நேரத்தைக் கவனியுங்கள். பகல் வெளிச்சம் போயிருக்கும். நானும் ஆபீஸிலிருந்து களைத்து வந்திருப்பேன். வாசல் படிக்கட்டில் வேலை செய்த மூன்று பையன்கள் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். “பசங்களுக்குக் கூலி செட்டில் பண்ணணும் மேடம், ராத்திரி ட்ரெயின்.” அந்தப் பையன்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அதற்காகத்தானே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து படியில் உட்கார வைப்பது!

நான் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் மண்டியிட்டேன். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோலத்தான். பின்னால் கலவை முழுசாகப் பிடித்திருக்கும் டைல் டிக் டிக் என்று இறுக்கமாகப் பேசும். உள்ளே காலியாக இருப்பது டொப் டொப் என்று வயிற்றைத் தட்டின மாதிரி பேசும். டைலின் பின்பக்கம் முழுக்கப் பரத்திப் பூசாமல், நடுவில் ஒரு உருண்டை சிமென்டை அப்பி சுவரில் அமுக்கிவிட்டுப் போனால் நாலு மூலையும் வெற்றிடம்தான். ஒன்றிரண்டு டைலில் மூலை மட்டும் அப்படி இருந்தால் நானும் விட்டுவிடுவேன், மனிதர் கைவேலைதானே. மகளுடைய சாக்பீஸை வாங்கி, ஓசை வந்த டைலுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டேன். ஒரு பாத்ரூமில் மட்டும் 23. அதில் 9 தரையில். ஷவருக்கு நேர்கீழே இருந்த டைல் ஓட்டை மத்தளம் மாதிரி இருந்தது.

“டைல்ஸுன்னா சவுண்டு வரத்தான் மேடம் செய்யும்” என்றார். அப்புறம் என்னைத் தாண்டி, ஹாலில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்து, “சார், நீங்க சொல்லுங்க சார்” என்றார். 11 வாரமாக அவரிடம் டைல்ஸ் நிறத்திலிருந்து டேப் உயரம்வரை பேசியது நான். பணம் போட்டது என் பிஎஃப் லோன். ஆனால் குறை சொன்னதும் நான் காணாமல் போய்விட்டேன், சார் முளைத்துவிட்டார். சார் என்ன சொன்னார் தெரியுமா? “விடு, பாவம், ட்ரெயினுக்கு நேரமாகுது.” அவரிடம் நான் இரண்டு நாள் பேசவில்லை. அது வேறு கதை.

கூலியை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குச் சதுரஅடிக் கணக்கில் காசு. பார்த்துப் பார்த்துப் பரத்திப் பூசினால் ஒரு நாளைக்கு ஒட்டும் அளவு குறையும், காசும் குறையும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய காண்ட்ராக்டர் அந்த நேரத்தில் வேறு மூன்று வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் குளியல். குளித்துவிட்டு வெளியே வந்தால் கால்மிதியடி சொதசொதவென்று இருந்தது. என்னடா என்று திரும்பிப் போய் அரை வாளித் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிவிட்டு நின்று பார்த்தேன். அது கொஞ்ச நேரம் யோசித்தது. தண்ணீர் வெளியேறும் ஓட்டையான நானி ட்ராப் பக்கம் ஒரு அடி போனது, அங்கே சரிவே இல்லை. திரும்பி, சாவகாசமாக, எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி வாசற்படியை நோக்கி நடந்து வந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்னடி, தண்ணி நம்மகூடவே வருது” என்றார்.

வாட்டம். கொத்தனார்கள் வாயில் நாளுக்கு நூறு தடவை வருகிற வார்த்தை. பாத்ரூம் தரையில் நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். ஐந்தடிப் பாத்ரூமுக்கு மொத்தமே ஒன்றரை சென்டிமீட்டர்தான், ஒரு விரல் கனம். அந்த ஒரு விரல் கனத்துக்கு இவர்களுக்கு வக்கில்லை. இதில் என் முட்டாள்தனமும் உண்டு. தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி டைல்தான் நான் எடுத்து வைத்திருந்தேன். “இரண்டுக்கு இரண்டு போடுங்க மேடம், லுக்கா இருக்கும்” என்று மாற்றியது இந்த மகானுபாவர்தான். பெரிய டைல் என்றால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவ்வளவு பெரிய பலகையை நாலு பக்கமிருந்தும் ஒரு ஓட்டையை நோக்கிச் சரிக்க முடியாது, வெட்டித்தான் போட வேண்டும். வெட்டுவானேன் என்று மட்டமாகவே ஒட்டிவிட்டார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகான மட்டம்! ஹாலில் இப்படிப் போட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறைகள். டைலுக்கு அடியில் புதைந்து போனதை எந்த நாணயத்தால் தட்டிப் பார்ப்பது? வாட்டர்ப்ரூஃபிங் பூசி முடித்ததும், டைல் ஒட்டுவதற்கு முன்னால், தரையில் தண்ணீர் தேக்கி 48 மணி நேரமாவது நிறுத்த வேண்டும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்குப் போய் சீலிங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் ஒரு ராத்திரி மட்டும் தேக்கிவிட்டு, நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் வடித்து, மேலே கலவையைக் கொட்டிவிட்டார். “நல்லா நின்னுது மேடம்.” யார் பார்த்தது? அவரே பார்த்தாராம். பரீட்சை எழுதினவரே பேப்பரும் திருத்திக்கொள்வார்.

பைப்பும் அப்படித்தான். சுவரை மூடுவதற்கு முன்னால் எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கைப்பம்ப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. பைப் எந்த வழியாகப் போகிறது என்று டேப் வைத்து அளந்து நாலு போட்டோவாவது நான் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. வேலை முடிந்த மூன்றாவது வாரம் துண்டு மாட்டும் கம்பிக்கு ட்ரில் போட்ட ஆள் நேராக வெந்நீர் பைப்பில் இறக்கினார். பீய்ச்சி அடித்தது பாருங்கள், எதிர்ச்சுவர்வரை. அந்த பைப்பிலும் வந்தது பச்சைத் தண்ணீர். சுடுநீரையும் குளிர்நீரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போன் பண்ணிக் கேட்டால், “பழகிடும் மேடம்” என்றார்.

சிரிப்பு வராத இன்னொன்று இருக்கிறது. என் தம்பி எலக்ட்ரிக்கல் படித்தவன். ஊரிலிருந்து வந்தவன் கீஸர் பாயின்ட்டில் ஒரு பல்பை, கரண்ட் வருகிற ஃபேஸுக்கும், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கடத்துகிற எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். எரியவில்லை. பிளேட்டைக் கழற்றினால் எர்த்துக்கான பச்சை ஒயர் இருக்கிறது, ஆனால் எதிலும் மாட்டப்படாமல் சும்மா சுருண்டு கிடக்கிறது. ஈரக்காலோடு நிற்கிற இடம், 16 ஆம்ப் பாயின்ட், எர்த் இல்லை. சாதாரண டெஸ்டரை வைத்தால் லைட் எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். என் மகள் அந்த கீஸரைப் போட்டுத்தான் ஒரு வாரம் குளித்திருக்கிறாள். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது. டைல் ஓசையெல்லாம் பணம் போன துக்கம். இது கொலைக்குச் சமம் இல்லையா?

சரி, அப்படியென்றால் பாக்கியைக் கொடுக்காதே என்பீர்கள். கொடுக்கவில்லைதான். என்னிடம் இருக்கிற பாக்கி எவ்வளவு? 30,000. அட்வான்ஸாகப் பாதி. பைப் வந்ததும் கொஞ்சம். டைல்ஸ் இறங்கியதும் கொஞ்சம். சிமென்ட் விலை ஏறிவிட்டது என்று கொஞ்சம். அவருடைய மாமனாருக்கு ஆபரேஷன் என்று கொஞ்சம். இப்படி 2,50,000 போய்விட்டது. 23 டைலைக் கொத்தி எடுத்து, தரையை மறுபடி வாட்டம் பார்த்துப் போட 30,000க்கு மேல் ஆகும் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். அவர் கணக்குப் போட்டார்: வந்து சரிசெய்தால் நஷ்டம், வராமல் இருந்தால் லாபம். போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நான்தான் கையில் துருப்புச்சீட்டு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. புது ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்து சொன்னால், கட்டிக்கொடுத்தவர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. பழைய வீட்டுப் பாத்ரூமை இடித்துப் போடுகிறவருக்கு அந்தக் கட்டு கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம்வரை கட்டணமும் இல்லை. ஆனால் கையில் என்ன காகிதம் இருக்கிறது? “பில் வேணும்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் கூட வரும் மேடம், எதுக்கு வீணா” என்றார். 50,000 மிச்சம் என்று நானும் பல்லைக் காட்டினேன். இப்போது என்னிடம் இருப்பது டைரியில் கிழித்த ஒரு தாளும் வாட்ஸ்அப்பில் அவர் தினமும் அனுப்பிய முருகன் படங்களும்தான்.

போன வாரம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் உட்கார்ந்து, நான் கொடுப்பதற்கு முன்பே தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். தட்டத் தட்ட அவர் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்தி, கீழ்வீட்டில் என்னையே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வாராம். அதற்கப்புறம்தான் டைல் ஒட்டுவாராம். 45,000 ஆகும் என்றார். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை, சரி என்றேன்.

எழுந்து கை கழுவினார். தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போவதை இரண்டு பேரும் பார்த்தோம்.

“பாதி அட்வான்ஸா கொடுத்துடும்மா” என்றார்.