வேகத்துக்கு எல்லாம் விற்கிறார்கள், உடைந்தால் ஒன்றும் கிடையாது

மினி ஃபோர் வீல் டிரைவ் என்கிற, பேட்டரியில் ஓடும் சின்னப் பந்தயப் பொம்மைக் கார் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள், முதலில் எங்கே உடைந்தது என்று. முன் பம்பரில் ரோலர் என்கிற குட்டி உருளையின் ஸ்க்ரூ இறங்கும் ஓட்டையைத்தான் காட்டுவார்கள். ஸ்டியரிங் இல்லாத கார் அது. தடத்தின் ஓரச் சுவரில் ரோலர் உரசித்தான் வளைவில் திரும்பும். உரசும் அடி முழுக்க விழுவது இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் அதைச் சுற்றி நகக்கண் அளவு பிளாஸ்டிக்கும் இருக்கிற அந்த இடத்தில். உடையாமல் என்ன செய்யும்?

சரி, உடைவது அதன் சுபாவம். அதற்கு ஒரு பாகம் வாங்கலாம் என்று கடைக்குப் போனால்தான் வயிற்றெரிச்சல் ஆரம்பம். கடைச் சுவர் முழுக்க வேகம்தான் தொங்குகிறது. ஹைப்பர் டேஷ் மோட்டார், ரெவ் டியூன்ட், டார்க் டியூன்ட், கார்பன் தகடு, பேரிங் வைத்த ரோலர், துள்ளலை அடக்கும் எடைக்கட்டிகள், அதிலும் கலர் கலராக. பாடியைப் பின்னால் பூட்டிப் பிடிக்குமே, பாடி கேட்ச், அது இருக்கிறதா என்று கேளுங்கள். "ஸ்பேர் இல்லை பாஸ், புது கிட் எடுத்துக்குங்க, உள்ளேயே இருக்கும்." சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக்குக்காக ஒரு முழுக் கார்! அடுத்த தடவை அந்தப் புதுக் காரின் கேட்ச் சோபாவுக்கு அடியில் போய் மாயமாகும். அப்புறம்? இன்னொரு கிட். என் அலமாரியில் கேட்ச் இல்லாத கார்களே ஒரு வரிசை நிற்கின்றன.

ஜப்பானில் பாகங்களைத் தனியாக வாங்க வழி இருக்கிறது, தெரியும். அங்கிருந்து வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதே சிங்கப்பூரில், மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரே ஒரு ரெசிஸ்டர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் குப்பையைக் கிளறினால் ஏதாவது பழைய பொம்மைக் காராவது அகப்படும். அதையும் 2017 ஜூலையில் மூடியாகிவிட்டது.

இதில் ஆலோசனை சொல்ல ஒரு கூட்டம். "சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிடுங்கண்ணே." தம்பி, அது இறுகினால் விறைப்பாக நிற்கும், அடி தாங்காது. பம்பருக்கு அடி வாங்குவதுதான் வேலையே. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், கோணலாகப் பிடித்தால் திருத்த நேரம் கொடுக்காது. பக்கத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாகம் இருந்தால் அதன் ஆவியே படிந்து வெள்ளை பூத்துவிடும். ஒரு துளி வழிந்து அச்சுப் பக்கம் போனால் சக்கரமும் நின்றது. மாடல் கடையில் சிமென்ட் என்று விற்கும் பசையோ பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குவதற்கானது. பாடிக்குச் சரி, ஏபிஎஸ் என்கிற வேறு பிளாஸ்டிக்கில் செய்த சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அந்தப் பிடிப்பு வராது. கியர்கள் பாலிஅசிட்டால் பிளாஸ்டிக், எந்தப் பசையையும் மதிக்காது. இதையெல்லாம் பெட்டியின் மேல் எவனும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

ஸ்க்ரூவைப் பற்றிப் பேசினால் ரத்தம் கொதிக்கிறது. ஜப்பான் கிட்டில் வரும் ஸ்க்ரூவின் தலை பார்வைக்கு நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குப் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் அது ஜிஸ் என்கிற ஜப்பான் தரம், சரிவு வேறு. சாதாரண முனை அடிவரை உட்காராமல் மேலே ஏறி, தலையை மென்று தின்றுவிடும். ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்திப் பார்க்கலாம். மசியாவிட்டால் சூடான சால்டரிங் கம்பியைத் தலையில் கொஞ்ச நேரம் வைத்து, பிளாஸ்டிக் இளகினதும் திருகி எடுக்க வேண்டும். எடுத்தபின் ஓட்டையில் மரை இருக்காது. அதே சேசிஸின் பாகங்கள் ஒட்டி வந்த ரன்னர் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இழுத்துக் குச்சியாக்கி, ஏபிஎஸ்ஸுக்கான பசையோடு ஓட்டையில் செருகி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் ஒன்றரை மில்லிமீட்டர் ட்ரில்லைக் கையாலேயே சுற்றித் துளை போட வேண்டும். நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒரு ராத்திரி எதற்குப் போனது? ஒரு ஸ்க்ரூவுக்கு!

என் அக்கா மகனுக்குக் கடையில் என்ன சொல்லி அனுப்பினார்கள் தெரியுமா? "மாமா, இந்த மோட்டார் போட்டா பறக்கும்னு அங்கிள் சொன்னாரு." பறந்தது, தடத்தை விட்டு. இரண்டு ஏஏ பேட்டரி, மொத்தம் மூன்று வோல்ட். அதிலிருந்து டேஷ் மோட்டார் உறிஞ்சும் மின்சாரத்துக்கு, பேட்டரியைத் தொடும் உலோகத் தகடு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்தத் தொடர்பு கொதிக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும், தொடர்பு இன்னும் தளரும், இன்னும் கொதிக்கும். அவன் காரில் பேட்டரித் தகடு உட்காரும் மூலை மெழுகு போல் சாய்ந்து கிடந்தது. அச்சைச் சுற்றும் கிரவுன் கியரில் பல்லைக் காணோம். மோட்டாரை விற்றவர் தகட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. தகடும் அவரிடம் கிடையாது, கேட்டுவிட்டேன்.

1982-இலிருந்து விற்கிற பொருள். எது உடையும், எது தொலையும் என்று விற்கிற எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு சின்ன பாக்கெட்டில் இரண்டு பாடி கேட்ச், நாலு ஸ்க்ரூ, ஒரு கிரவுன் கியர், ஒரு ஜோடி பேட்டரித் தகடு போட்டு மூன்று வெள்ளி சொல்லுங்கள், பேரம் பேசாமல் வாங்குகிறேன். தொங்கவிட இடமில்லை என்றால் அந்தத் தங்க நிற நட்டு பாக்கெட்டுகளைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள், யாரும் வாங்குவதாகவே தெரியவில்லை.