பழைய டிராக்டருக்கு டிடர்ஜென்ட் ஆயில் ஆகாதா?

‘பழைய டிராக்டர் இன்ஜினில் டிடர்ஜென்ட் (அழுக்கை நீக்கும் ரசாயனம்) கலந்த ஆயிலை ஊற்றினால் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) கரைந்து ஒழுகும், டிடர்ஜென்ட் இல்லாத சாதா ஆயில்தான் நல்லது’ என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. டிடர்ஜென்ட் சீலைக் கரைப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்த சீலை அடைத்திருந்த கசடு விலகுவதால் கசிவு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சாதா ஆயில் என்பது, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) ஆயில் தரப் பிரிவில் ‘எஸ்ஏ’ வகை. 1930-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கே அது பொருந்தாது. கரி அதிகம் சேரும் டீசல் இன்ஜினுக்கு எப்படிப் போதும்? டிடர்ஜென்ட் ஆயில் அந்தக் கரியைப் படியவிடாமல் வைத்திருந்து, ஆயில் மாற்றும்போது தன்னோடு வெளியே கொண்டுபோகும்.

பல வருடம் சாதா ஆயிலில் ஓடிய இன்ஜின் என்றால் மட்டும், முதலில் ஆயில் சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை) கழற்றிக் கசடை வழித்தெடுங்கள். அப்புறம் புது ஆயிலை ஊற்றி, முதல் முறை சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.